வீட்டோடு வரும் பழைய ஃப்ரிட்ஜ், ஓவன், கேஸ் அடுப்பு: எடுக்கலாமா? (நுவரெலியா)

கேள்வி

நுவரெலியாவில் வீடு வாங்குகிறோம். விற்பவர்கள் கொழும்புக்குப் போகிறார்கள். சமையலறைச் சாமான்களை மொத்தமாக 180,000 ரூபாவுக்கு விட்டுவிட்டுப் போகிறோம் என்கிறார்கள்: இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் (8 வருடம்), கரண்ட் ஓவன், மைக்ரோவேவ், நான்கு பர்னர் கேஸ் அடுப்பு, ரைஸ் குக்கர். போய்ப் பார்த்ததில் ஃப்ரீஸரில் ஐஸ் இறுகவில்லை. கேட்டால் "இந்தக் குளிருக்கு அப்படித்தான்" என்கிறார். ஓவனைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. அதற்கு "ஈரம்" என்கிறார். உண்மையா, சமாளிப்பா?

பதில்: ஃப்ரிட்ஜ் வேலை, ஹட்டன்

அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நிறைய ஃப்ரிட்ஜ்களில் தெர்மோஸ்டாட் ஒன்றுதான், அதுவும் கீழ்ப்பகுதியில் இருக்கும். சமையலறையே 12, 13 டிகிரியில் கிடந்தால் கீழ்ப்பகுதி சூடேறுவதில்லை, கம்ப்ரெசர் ஓடுவதும் அரிது. அது ஓடாமல் ஃப்ரீஸர் எப்படிக் குளிரும்? உள்சுவரிலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் தகட்டில் எந்த அறை வெப்பத்துக்கு ஏற்றது என்று "எஸ்என்", "என்", "எஸ்டி", "டி" என்ற வகுப்பு போட்டிருக்கும். எஸ்என் 10 டிகிரி அறையிலிருந்து வேலை செய்யும். மற்ற மூன்றும் 16 டிகிரிக்குக் கீழே உத்தரவாதம் இல்லை. வெப்ப நாடுகளுக்கென்று வருபவை பெரும்பாலும் டி, அல்லது எஸ்டி.

குளிரா, பழுதா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி. 2 லீற்றர் போத்தல் இரண்டில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பிக் கீழ்ப்பகுதியில் வையுங்கள். கம்ப்ரெசர் ஓடியே ஆக வேண்டும். ஃப்ரீஸரில் ஒரு தெர்மோமீட்டர் போட்டுக் கதவைத் திறக்காமல் மூன்று மணித்தியாலம் விடுங்கள். மைனஸ் 15க்குக் கீழே போனால் பழுது இல்லை. விடாமல் ஓடியும் மைனஸ் 7, 8இல் நின்றால் உள்ளே குளிரூட்டும் கேஸ் குறைந்திருக்கிறது, அல்லது கம்ப்ரெசர் தளர்ந்திருக்கிறது. அப்படியானால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

கம்ப்ரெசரிலிருந்து நீளும் சிறு குழாயையும் பாருங்கள். ஃபாக்டரியிலிருந்து வந்தபடி இருந்தால் நுனி நசுக்கிப் பற்றவைத்திருக்கும். அங்கே மூடியோடு வால்வு தெரிந்தால் யாரோ திறந்து கேஸ் ஏற்றியிருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள். தகட்டில் ஆர்600ஏ என்றிருந்தால் அது தீப்பிடிக்கும் கேஸ். அதற்குள் ஆர்134ஏ என்ற வேறு கேஸை ஊற்றுகிறேன் என்று வரும் பாஸை (திருத்துபவரை) வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கதவு ரப்பருக்குக் காசு நோட்டு ஒன்று போதும். இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுத்தால் பிடிப்பு தெரிய வேண்டும். நாலு பக்கமும் பாருங்கள்.

பதில்: கரண்ட் வேலை, தலவாக்கலை

ஓவன் விஷயத்திலும் அவர் சொல்வது நடக்கக்கூடியதுதான். எலிமென்ட் குழாய்க்குள் கம்பியைச் சுற்றி இருக்கும் வெள்ளைப் பொடி (மக்னீசியம் ஒக்சைட்) ஈரத்தை உறிஞ்சும். நம்ம ஊர் மூடுபனியில் மாதக்கணக்கில் போடாமல் கிடந்தால் 30 மில்லியம்பியர் கசிவுக்கே விழும் ட்ரிப் சுவிட்ச் விழத்தான் செய்யும்.

லைட் மட்டும், ஃபேன் மட்டும், மேல் எலிமென்ட், கீழ் எலிமென்ட் என்று ஒவ்வொன்றாகப் போட்டால் எதில் விழுகிறது என்று பிடிபடும். பிறகு பிளக்கைக் கழற்றி, 500 வோல்ட் மெகரால் (கரண்ட் கசியாமல் தடுக்கும் தடையை மெகோமில் காட்டும் கருவி) அந்த எலிமென்டுக்கும் பாடிக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். 1 மெகோமுக்கு மேல் வேண்டும். குறைந்தால் எலிமென்டைக் கழற்றி உலர்த்தி மறுபடி அளக்கணும். ஈரம் என்றால் ஏறும். ஏறவில்லை என்றால் உறை வெடித்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும். ட்ரிப் சுவிட்சைத் தவிர்த்து நேர் லைன் கொடுத்து "பாருங்க, ஓடுதே" என்று காட்டினால் அந்தக் கொடுக்கல் வாங்கலே வேண்டாம்.

பிளக்கின் முள் அடி பழுப்பேறியிருக்கிறதா? 13 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 3,000 வாட்டுக்குள்தான் தாங்கும். அதற்கு மேற்பட்ட ஓவனுக்குத் தனி லைன்.

கேள்வி கேட்டவர்

நன்றி. ரைஸ் குக்கரும் சோறு வேக நேரமெடுக்கிறது. அதுவும் பழுதா?

பதில்: கரண்ட் வேலை, தலவாக்கலை

இல்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதிக்கும். குக்கர் சுவிட்ச் விழுவது சட்டி 100ஐத் தாண்டிய பிறகு, அதாவது தண்ணீர் வற்றிய பிறகு. அரிசியை அரை மணித்தியாலம் ஊறவைத்து, தண்ணீர் கால் கப் கூட்டுங்கள்.

மைக்ரோவேவுக்கு: 1 லீற்றர் தண்ணீர், முழு வலு, 2 நிமிடம். கலக்கி அளந்தால் 20 டிகிரி ஏறியிருக்கணும், அது சுமார் 700 வாட். 12, 13தான் ஏறுகிறதென்றால் மேக்னட்ரான் (மைக்ரோ அலையை உண்டாக்கும் பாகம்) தேய்ந்துவிட்டது. கதவு ஆடினால் வேண்டாம். மூடியை யாரும் கழற்றக் கூடாது. பிளக் கழற்றிய பின்னும் உள்ளே கபாசிட்டரில் உயிர் போகும் வோல்ட் நிற்கும்.

பதில்: கேஸ் அடுப்பு வேலை, பண்டாரவளை

அடுப்பை எடுக்கலாம். ஹோஸ் பைப்பையும் கிளிப்பையும் எடுக்காதீர்கள், புதிதாகப் போடுங்கள். ரெகுலேட்டர் எந்தக் கேஸ் கம்பனியுடையது, லிட்ரோவா லாஃப்ஸா என்று கேளுங்கள், ஒன்று மற்றதற்குப் பொருந்தாது. சவர்க்கார நுரையை ஒவ்வொரு மூட்டிலும், திருகும் குமிழ் அடியிலும் தடவி, கேஸ் கசிகிறதா என்று பாருங்கள். தீ நீலமாக நிற்கணும். மஞ்சள் நுனி என்றால் பர்னரைக் கழுவிப் பாருங்கள், கேஸ் வரும் ஜெட் துளையை ஊசியால் குத்திப் பெரிதாக்க வேண்டாம். விடியக்காலையில் தீ சோர்ந்தால் அடுப்பைக் குறை சொல்லாதீர்கள். குளிரில் சிலிண்டர் அழுத்தம் குறையும், அதுவும் முடியும் தறுவாயில்.

பதில்: காணி உறுதி வேலை, கண்டி

மொத்த விலை பேசாமல் சாமான் வாரியாக விலை போடச் சொல்லுங்கள், அப்போதுதான் ஒன்றை விட முடியும். இதை உறுதியின் பெறுமதியோடு கலக்க வேண்டாம். முத்திரை வரி முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். பழைய ஃப்ரிட்ஜுக்கும் சேர்த்து ஏன் கட்டுவான்? தனிப் பற்றுச்சீட்டு, அதில் மாடல் இலக்கமும் சீரியல் இலக்கமும். சாவி வாங்கும் நாளில் அதே இலக்கம்தானா என்று ஒத்துப் பார்த்த பிறகு காசு.

கேள்வி கேட்டவர்

போத்தல் வைத்துப் பார்த்தோம், மைனஸ் 17. தகட்டில் டி. ஓவன் கீழ் எலிமென்ட் உலர்த்திய பிறகும் 0.2 மெகோம். ஓவனை விட்டு, மற்ற நான்கையும் 95,000க்குப் பேசி முடித்தோம். குடிபோக ஆறு வாரம் ஆகும்.

பதில்: ஃப்ரிட்ஜ் வேலை, ஹட்டன்

டி வகுப்பு என்பதால் குளிர் மாதங்களில் மீன், இறைச்சி நீண்ட நாள் சேமிக்க நம்ப வேண்டாம். அடுப்பெரியும் பக்கம், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் கொஞ்சம் தேவலை. ஆறு வாரமும் பிளக்கைக் கழற்றி, உள்ளே துடைத்து, இரண்டு கதவுக்கும் இடையில் துணி மடித்து வைத்துத் திறந்தபடி விடுங்கள். மூடி வைத்தால் ரப்பர் முழுக்கப் பூஞ்சணம் பிடிக்கும்.