ஜேம்ஸ் மக்பிரைடும் ஊதா டைனோசரும்

பழைய கேசட்:
நேற்று இங்கே ஒருவர் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார். அமெரிக்க எழுத்தாளரும் இசைக்கலைஞருமான ஜேம்ஸ் மக்பிரைட் பாட்டில் தேறாததால் நாவலுக்கு வந்தாராம். அமெரிக்கக் குழந்தைகள் தொலைக்காட்சியில் வரும் பார்னி என்கிற ஊதா டைனோசருக்கு 'ஐ லவ் யூ' பாட்டு எழுதியதுதான் அவருடைய சாதனையாம். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பாடகி அனிதா பேக்கருக்கும் சாக்ஸபோன் கலைஞர் குரோவர் வாஷிங்டன் ஜூனியருக்கும் பாட்டு எழுதியவர் அவர். ஜாஸ் பாடகர் ஜிம்மி ஸ்காட்டோடு ஊர் ஊராகப் போய் சாக்ஸபோன் வாசித்தவர். இது தேறாதவர் ஜாதகமா?

நேர்கோடு:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொல்ல என்ன கூச்சம்? பார்னிக்கு எழுதினாரா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

பழைய கேசட்:
பார்னிக்கு எழுதினார். அந்த 'ஐ லவ் யூ' பாட்டை எழுதவில்லை. தன்னைப் பற்றிய குறிப்பிலேயே அதைச் சொல்லியிருக்கிறார்: அதை நான் எழுதவில்லை, எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று. அதன் மெட்டு பழைய ஆங்கிலக் குழந்தைப் பாட்டு. சொற்கள் லீ பெர்ன்ஸ்டைன் என்ற பெண்மணியுடையவை.

நேர்கோடு:
ஆக, பார்னிக்கு எழுதினார். ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

மழைக்குருவி:
அவர் பாட்டிலிருந்து எழுத்துக்கு வந்தார் என்பதே தப்பில்லையா? ஓபர்லின் கல்லூரியில் இசை படித்தார், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தார். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் வேலை பார்த்தார். அதை விட்டுவிட்டுத்தான் பாட்டுக்குப் போனார். எழுத்துதான் முதலில்.

நேர்கோடு:
அது கிடக்கட்டும். பார்னி?

பழைய கேசட்:
மழைக்குருவி சொன்னதைப் படிக்கக்கூட உங்களுக்குப் பொறுமை இல்லை. போன மாதம் பாடகர் மார்வின் கே பற்றிய சண்டையிலும் இதே கதைதான், ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் தொங்கினீர்கள். சரி, நாவலுக்கு வருவோம். அவருடைய 'தி குட் லார்ட் பேர்ட்' எடுத்துப் பாருங்கள். அடிமைமுறையை ஆயுதம் எடுத்து எதிர்த்த ஜான் பிரவுன் அடிமைப் பையன் ஒருவனைப் பெண் என்று நினைத்துவிடுகிறார். தன் பையில் அதிர்ஷ்டத்துக்கென்று வைத்திருந்த பழைய வெங்காயத்தை எடுத்துக் காட்டுகிறார். பையன் தின்னச் சொல்கிறார் என்று நினைத்துத் தின்றுவிடுகிறான். அன்று முதல் அவன் பெயர் வெங்காயம். கதை முழுக்கப் பாவாடையோடு திரிந்து, 1859-இல் பிரவுன் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைத் தாக்கியது வரைக்கும் போகிறான். இந்தக் காட்சியைப் பாட்டு எழுதிப் பழகிய காது இல்லாமல் எழுத முடியாது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சிரிப்பு விழ வேண்டும் எல்லாம் தாளத்தில் இருக்கிறது.

நேர்கோடு:
டைனோசர் தாளம்.

ஒத்தையடி:
அண்ணே, பெயர் மக்பிரைடா மெக்பிரைடா? இருவரும் முதலில் அதை முடிவு செய்யுங்கள். தலைப்பே தப்பு என்று தோன்றுகிறது.

பழைய கேசட்:
மக்பிரைட். தலைப்பு சரிதான்.

மழைக்குருவி:
அந்த நாவலுக்கு 2013-இல் அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்ட் விருது கிடைத்தது மட்டும் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. ஜும்பா லாஹிரியின் 'தி லோலேண்ட்' நாவலும் இறுதிப் பட்டியலில் இருந்தது. அதில் வரும் கொல்கத்தா டோலிகஞ்சின் அந்த இரண்டு குளங்களும் அண்ணன் தம்பியும் வெங்காயக் கதைக்குத் தோற்றுப்போனதா?

பழைய கேசட்:
லாஹிரி மட்டுமா? பிஞ்சன், ஜார்ஜ் சாண்டர்ஸ், ரேச்சல் குஷ்னர் எல்லோரும்தான் இருந்தார்கள். மக்பிரைட் ஏற்புரைகூடத் தயார் செய்துகொண்டு போகவில்லை. ஜெயிப்போம் என்று நினைக்காத மனிதர் ஜெயித்தார். உங்களுக்கு வங்காளக் குளம் பிடிக்கும் என்பதற்காக நடுவர்கள் குளத்தில் குதிக்க வேண்டுமா?

மழைக்குருவி:
உங்கள் பக்கம் பேசியவளையே குத்துகிறீர்கள். நல்ல மனது.

நேர்கோடு:
நான் சொன்னது இதுதான்: பாட்டில் நின்றிருந்தால் நாவலுக்கு ஏன் வர வேண்டும்?

பழைய கேசட்:
பாட்டை விட்டால்தானே! அந்த நாவலுக்காக ஊர் ஊராகப் போனபோது கூடவே ஒரு பேண்டையும் கூட்டிக்கொண்டு போனார், 'குட் லார்ட் பேர்ட் பேண்ட்' என்றே பெயர். புத்தக வாசிப்பு, நடுவில் காஸ்பல் என்கிற தேவாலயப் பாட்டு. புரூக்ளின் ரெட் ஹூக்கில் அவருடைய அப்பாவும் அம்மாவும் தொடங்கிய தேவாலயத்தில் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கிறார். அவருடைய 'தி கலர் ஆஃப் வாட்டர்' நினைவுநூலில் அம்மா ஒரு அத்தியாயம், மகன் ஒரு அத்தியாயம் என்று மாறி மாறிப் பேசுகிறார்கள். அம்மா போலந்தில் பிறந்தவள், யூத மதகுருவின் மகள், கறுப்பினத்தவரை மணந்து 12 பிள்ளைகளை வளர்த்தவள். கடவுள் என்ன நிறம் என்று மகன் கேட்டால், தண்ணீரின் நிறம் என்கிறாள். இரண்டு குரல் ஒன்றுக்கொன்று பதில் சொல்கிற அந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? தேவாலயப் பாட்டிலிருந்து.

நேர்கோடு:
அவர் அப்படிச் சொன்னாரா, நீங்கள் சொல்கிறீர்களா?

பழைய கேசட்:
நான் சொல்கிறேன். காது இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்.

ஒத்தையடி:
'குட் லார்ட் பேர்ட்' கதையை வைத்து 2020-இல் ஈத்தன் ஹாக் நடித்த தொலைக்காட்சித் தொடர் வந்ததே, அதைப் பார்த்தால் போதாதா? புத்தகம் பெரிதாக இருக்கிறது.

பழைய கேசட்:
ஒத்தையடி, உங்களுக்கு நான் தனியாகப் பதில் எழுத வேண்டும். தொடரில் வெங்காயத்தின் குரல் பாதிதான் வருகிறது. நாளைக்கு முதல் அத்தியாயத்திலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

மழைக்குருவி:
எழுதாமல் விடமாட்டீர்கள் என்று தெரியும்.

நேர்கோடு:
அதில் பார்னி எந்த அத்தியாயத்தில் வருகிறது என்றும் குறிப்பிடுங்கள்.

பழைய கேசட்:
அவர். அந்தப் பாட்டை. எழுதவில்லை.

நேர்கோடு:
டைனோசருக்கு எழுதினார்.