ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு அயல்நாட்டில் உணவகத்துக்குப் போகத்தான் வேண்டுமா?

ராயபுரத்தான், பெர்லின்:

விடுமுறைக்கு ராயபுரம் வந்து பத்து நாள்கள் ஆகின்றன. மூன்று வயது மகனையும் ஒரு வயது மகளையும் அழைத்துக்கொண்டு இதற்குள் நான்கு முறை வெளியே சாப்பிட்டுவிட்டோம். ஒருவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பெர்லினில் சென்ற ஆண்டு முழுவதும் மூன்றே முறைதான் போனோம், மூன்று முறையும் பாதிச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு எழுந்து வந்தோம். கடைசி முறை மகன் முள்கரண்டியால் தட்டைத் தட்டத் தொடங்கியதும், பக்கத்து மேசையிலிருந்த முதியவர் ஒன்றும் சொல்லாமல் தம் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன்.

ஆகவே என் கருத்தை நேராகவே வைக்கிறேன். பிள்ளைக்கு ஐந்து வயது ஆகும்வரை, அயல்நாட்டில் உட்கார்ந்து சாப்பிடும் உணவகங்களுக்குப் போகாமல் இருப்பதே அந்த ஊருக்கும் நமக்கும் நல்லது. ஜெர்மனியின் ரூகன் தீவில் ஓர் உணவகம், மாலை 5 மணிக்குமேல் 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு இடமில்லை என்று 2018-இல் அறிவித்தது. அப்போது எனக்குப் பிள்ளைகள் இல்லை, ஆனாலும் கோபப்பட்டேன். இப்போது இருவர் இருக்கிறார்கள், உரிமையாளர் பக்கத்து நியாயம் தெரிகிறது. விந்தைதான்.

தண்டையார்பேட்டை அக்கா, சிங்கப்பூர்:

தம்பி, உங்கள் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. நம் எம்.சி. ரோட்டு டிபன் கடையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் இட்லி வந்துவிடுகிறது. ஐரோப்பாவிலோ முதலில் குடிக்க என்ன வேண்டும் என்று கேட்பார்கள், அது வந்த பிறகு சாப்பாட்டுக்குச் சொல்லவேண்டும், அப்புறம் அடுப்பேறிச் சமைத்து வர அரை மணிக்கு மேலாகும். பசியோடு அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருக்க உங்களாலேயே முடியாது. மூன்று வயதுப் பிள்ளையால் எப்படி முடியும்? சமையலறை திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். உட்கார்ந்தவுடன் பிள்ளைக்கு உரியதை மட்டும் முதலில் சொல்லி வரவழையுங்கள், பெரியவர்களுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் ஐரோப்பாவில் இரண்டு வாரம் சுற்றியபோது இப்படித்தான் சமாளித்தோம்.

இங்கே சிங்கப்பூரில், பல உணவுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் ஹாக்கர் சென்டர்களில்தான் என் பிள்ளைகள் சாப்பிடக் கற்றார்கள். டிஷ்யூ பொட்டலத்தை மேசைமேல் வைத்து இடம் பிடிப்பதிலிருந்து தட்டைத் திருப்பி வைப்பது வரைக்கும் அவர்களுக்குத் தெரியும். தட்டைத் திருப்பி வைப்பது 2021 செப்டம்பர் முதல் இங்கே கட்டாயம். என் ஆறு வயது மகள் அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. நீங்கள் ஒரு தீவைச் சொன்னதால் நானும் ஒரு தீவைச் சொல்கிறேன்: தென்கொரியாவின் ஜெஜு தீவில் ஓர் உணவகம் சிறுவர்களை உள்ளே விடாதது பாரபட்சம் என்று அந்நாட்டுத் தேசிய மனித உரிமை ஆணையம் 2017-இல் கூறியது.

ராயபுரத்தான், பெர்லின்:

அக்கா, காத்திருப்பைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஹாக்கர் சென்டரை எடுத்துக்காட்டாகச் சொல்வது, காசிமேட்டில் கையேந்திச் சாப்பிட்டுவிட்டு நட்சத்திர ஓட்டலைப் பற்றிப் பேசுவது போன்றது. அந்த இரைச்சலில் என் மகன் கத்தினால் எனக்கே கேட்காது. மேலும், அமைதியாக உட்காரும் நம்மவர் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பத்தில் எட்டுப் பேர் கையில் கைப்பேசி இருக்கிறது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே காட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியிருக்கிறது. திரையைக் கொடுத்துத்தான் உட்கார வைக்கவேண்டும் என்றால், வீட்டில் ரசம் சோறு போதும்.

மண்ணடிப் பழைய சப்ளையர்:

நான் வெளிநாடு போனவனல்லன். மண்ணடியிலும் பாரிமுனையிலும் 31 ஆண்டுகள் சப்ளையராக இருந்தவன். இங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று தம்பி எழுதியதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. நாங்கள் பார்த்தோம். பிள்ளை தோசையைப் பிய்த்துப் போட்டதையும், சாம்பார்க் கிண்ணத்தைக் கவிழ்த்ததையும், பெற்றவர்கள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனதையும் பார்த்தோம். இங்கே உங்கள் பக்கத்து மேசைக்காரர் கவலைப்படவில்லை என்றால், குனிந்து துடைப்பதற்கென்று கிளீனர் பையன் ஒருவன் வாளியோடு நிற்கிறான் என்பதுதான் காரணம். பேமிலி ரூம் முடிந்து வரும்போது அவன் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? வெளிநாட்டில் ஆர்டர் எடுப்பவரே மேசையும் துடைப்பதாக என் மருமகன் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியென்றால் உங்கள் பெர்லின்காரருக்குப் பிள்ளைமேல் வெறுப்பு என்று எடுத்தவுடன் முடிவு கட்டாதீர்கள்.

பிள்ளைகள் வரட்டும், குழந்தை அழும் சத்தம் எங்களுக்கு ஒரு நாளும் தொந்தரவாக இருந்ததில்லை. எழுந்து போகும்போது கீழே கிடப்பதில் நாலு பருக்கையை நீங்கள் பொறுக்கினீர்களா என்பதை மட்டும் சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை அக்கா, சிங்கப்பூர்:

ஐயா, குத்துகிறது. ஊருக்கு வந்தால் நானும் பொறுக்குவதில்லை, சிங்கப்பூரில் பொறுக்குகிறேன்.

தம்பிக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். என் நாத்தனார் மகனுக்கு வேர்க்கடலை ஆகாது. நம் ஊரில் சட்னியில் கடலை அரைத்திருக்கிறார்களா என்று கேட்டால், அதெல்லாம் ஒன்றும் ஆகாது, சாப்பிடச் சொல்லுங்கள் என்பார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலோ 2014 டிசம்பர் முதல், வேர்க்கடலை, எள், பால், முட்டை உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருள்களில் எது உணவில் இருக்கிறது என்பதை உணவகம் தெரிவித்தாக வேண்டும். நீங்கள் போகவேண்டாம் என்கிற அதே இடத்தில்தான் எங்கள் வீட்டுப் பிள்ளை பயமில்லாமல் சாப்பிட்டான்.

ராயபுரத்தான், பெர்லின்:

ஒவ்வாமை விதியை நான் நினைத்துப் பார்க்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஐந்து வயதை மூன்றரையாகக் குறைக்கிறேன். அதற்குமேல் பேரம் இல்லை. ஐயா கேட்டதற்குப் பதில்: பெர்லினில் ஒரு முறை பொறுக்கினேன், இங்கே நான்கு முறையும் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை பாரிமுனையில் பிள்ளைகளோடு அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடப் போகலாம் என்றிருக்கிறோம். மிளகாய்த்தூள் இல்லாமல் போட்டுத் தருவார்களா?

மண்ணடிப் பழைய சப்ளையர்:

சொன்னால் தருவார்கள். சின்னவளுக்கு அத்தோ வேண்டாம், வீட்டிலிருந்தே ஏதாவது கொண்டுபோங்கள். பெரியவனுக்கு வாழைத்தண்டு சூப்பை ஆறவைத்துக் கொடுக்கலாம். அங்கே பெரும்பாலும் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும் என்பதால், உட்கார்ந்து சாப்பிடும் கடைகளுக்கான உங்கள் மூன்றரை வயது விதி அங்கே செல்லாது.