லாக் அச்சில் 20, 50, 100 என்று எண்கள் வர என்ன வழி?

கேள்வி
நானே செய்த ஸ்பீக்கரின் அளவீட்டை எக்செலில் ஸ்கேட்டர் சார்ட்டாகப் போட்டிருக்கிறேன். கிடை அச்சு 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, லாக் ஸ்கேல். செங்குத்து அச்சு 50 முதல் 100 டெசிபல். மினிமம் 10 கொடுத்தால் 10, 100, 1000 என்று வருகிறது. 20 கொடுத்தால் 20, 200, 2000. லாக் பேஸை (ஒவ்வொரு படியிலும் பெருக்கும் எண்ணை) 2 ஆக்கினால் 20, 40, 80, 160. எனக்கு வேண்டியது ஆடியோ வரைபடங்களில் எல்லோரும் போடும் 20, 50, 100, 200, 500, 1கி, 2கி வரிசைதான். இதற்கு எங்கே செட்டிங் இருக்கிறது?

பதில் 1
1000-ஐ 1கி என்று காட்ட மட்டும் நம்பர் ஃபார்மேட் போதும்: [>=1000]0,"கி";0 என்று கொடுங்கள். அந்தக் காற்புள்ளிதான் ஆயிரத்தால் வகுக்கிறது. 50, 500 வரவழைக்க எனக்கு வழி தெரியவில்லை.

பதில் 2
செட்டிங் கிடையாது, தேட வேண்டாம். மினிமத்தை பேஸால் பெருக்கிக்கொண்டே போவதுதான் எக்செலின் கணக்கு. 20, 50, 100 அந்தக் கணக்குக்குள் அடங்காது. அதனால் அச்சின் லேபிளை 'நன்' (None) ஆக்கிவிட்டு, ஒரு போலித் தொடரை வைத்து நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு நெடுவரிசையில் 20, 50, 100 என்று 20000 வரை அடியுங்கள். பக்கத்து நெடுவரிசை முழுக்க 50, அதாவது உங்கள் செங்குத்து அச்சின் அடிமட்டம். இதைப் புதுத் தொடராகச் சேர்த்தால் புள்ளிகள் கீழ்க்கோட்டில் வரிசையாக உட்காரும். டேட்டா லேபிள் போட்டு, ஒய் வேல்யூவை எடுத்துவிட்டு எக்ஸ் வேல்யூவை டிக் செய்யுங்கள், இடம் 'பிலோ'. மேலே சொன்ன ஃபார்மேட் இந்த லேபிளுக்கும் செல்லும். மார்க்கரை மறைத்துவிடுங்கள். பிளாட் ஏரியாவின் கீழ் விளிம்பைச் சற்று மேலே இழுத்தால்தான் எண்களுக்கு இடம் கிடைக்கும்.

கிரிட்லைனும் அதே எண்களில் வேண்டுமா? அதே தொடருக்கு மேல்நோக்கி மட்டும் எரர் பார் (புள்ளியிலிருந்து நீளும் கோடு), ஃபிக்ஸ்டு வேல்யூ 50, நுனி இல்லாமல், வெளிர் சாம்பல் நிறத்தில். எக்ஸ் பக்கத்து எரர் பாரும் கூடவே வந்து நிற்கும், அதை அழித்துவிடுங்கள். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த பகுதி இதுதான். எக்செல் தானாகப் போடும் மைனர் கிரிட்லைன்களைவிடப் பார்க்கச் சுத்தமாக இருக்கும்.

கேட்டவர்
அருமையாக வந்துவிட்டது, நன்றிங்க! ஆனால் 31.5 சேர்த்தால் 32 என்கிறது, 2500 சேர்த்தால் 3கி என்கிறது.

பதில் 2
அந்த ஃபார்மேட் தசமத்தை முழுமைப்படுத்திவிடும். 0.# என்று மாற்றினாலும் 1000-க்கு '1.கி' என்று புள்ளி தொங்கும். எக்செல் 2013 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் மூன்றாவது நெடுவரிசையில் 31.5, 2.5கி என்று எழுத்தாகவே அடித்து, லேபிளில் 'வேல்யூ ஃப்ரம் செல்ஸ்' தேர்ந்தெடுத்து அந்த வரிசையைக் காட்டுங்கள். எக்ஸ் வேல்யூ டிக்கை மறக்காமல் எடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து வரும்.

அப்புறம், லெஜண்டில் போலித் தொடரின் பெயர் தெரியும். அதன் மேல் ஒரு கிளிக், சற்று விட்டு இன்னொரு கிளிக், டெலிட். தொடர் அப்படியே இருக்கும், பெயர் மட்டும் போய்விடும்.