1.8 டர்போ டிராக் வண்டி: ஏர்ஃப்ளோ சென்சார் 5 வோல்ட்டை முட்டுகிறது, பெரியது போடலாமா?

மன்னார்குடி ஆக்டேவியா

வணக்கம். வண்டி ஆக்டேவியா 1.8 டர்போ பெட்ரோல், கம்பெனியிலிருந்து வரும்போது 150 குதிரை. இப்போது அதைவிடப் பெரிய கே04 டர்போ, டர்போ காற்றைக் குளிர்விக்க முன்பக்க இன்டர்கூலர், 550 சிசி இன்ஜெக்டர், அதற்கேற்ற ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூவில் கணக்கு மாற்றியது). பூஸ்ட் 1.2 பார். இருங்காட்டுக்கோட்டையில் 402 மீட்டர் நேர் ஓட்டமான டிராக் ரேஸுக்கு மட்டும்தான் இந்த வண்டி. மற்ற நாளெல்லாம் தார்ப்பாய் போட்டு நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கும்.

மூன்றாவது கியரில் 5200 ஆர்பிஎம் வரை நன்றாக இழுக்கிறது. அதற்கு மேல் மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார்) 4.9 வோல்ட்டில் அப்படியே நிற்கிறது, லாக் பதிவில் நொடிக்கு 190 கிராம் காற்று. அதே இடத்தில் வைட்பேண்ட் மீட்டரில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.8-லிருந்து 13.2 வரை ஏறுகிறது. பயந்து காலை எடுத்துவிடுகிறேன்.

ஒருவர் 82 மில்லிமீட்டர் கூட்டோடு சென்சார் தருகிறேன் என்கிறார். மாட்டினால் போதும், ரீமேப் வேண்டாமாம். வாங்கலாமா? டர்போவுக்கு முன்னால் வைப்பதா, இன்டர்கூலருக்குப் பின்னாலா? காலை எடுத்ததும் பூஸ்ட் காற்றை வெளியே ஊதுகிற புளோ ஆஃப் வால்வும் போட ஆசை.

திருவாரூர் 402

சென்சாரைக் கழற்றி எறியுங்கள் ப்ரோ. மேனிஃபோல்ட் அழுத்தமும் காற்றின் வெப்பமும் வைத்துக் காற்றைக் கணக்கிடும் ஸ்பீட் டென்சிட்டியில் ஓட்டுங்கள். முட்டுவதற்கு ஒன்றும் இருக்காது, வால்வை எங்கே வேண்டுமானாலும் ஊதவிடலாம்.

கும்பகோணம் பம்ப் கடை

தம்பி, பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள். நான் டீசல் பம்ப் வேலைக்காரன்தான். ஆனால் மச்சான் வண்டியும் இதே இன்ஜின், பத்து வருஷமாக என் கையில்தான் இருக்கிறது.

உங்கள் லாக்கிலேயே பாதி விடை இருக்கிறது. 11.8 என்பது 13.2 ஆனால், ஏறக்குறைய 12 சதவீதம் காற்று கணக்கில் வராமல் உள்ளே போகிறது. 190-க்கு மேல் ஈசியூவுக்குத் தெரியாது, பெட்ரோலும் அந்த அளவுக்குத்தான் விடும். உண்மையில் 213 பக்கம் போய்க்கொண்டிருக்கும். ஒரு குதிரைக்கு 0.8 கிராம் என்று தோராயமாகப் போட்டால் 265 குதிரை. அதற்கு 550 சிசி இன்ஜெக்டர் தாராளம்.

ஆனால் பெட்ரோல் பம்ப் மூச்சுத் திணறினாலும் வைட்பேண்ட் இதே மாதிரிதான் ஏறும். சென்சார் முட்டுவதும் பம்ப் சோர்வதும் ஒரே ஆர்பிஎம்மில் சேர்ந்து வந்தால் யார் குற்றவாளி என்று சொல்லவே முடியாது. அதனால் முதலில் இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயிலில் ஒரு பிரஷர் கேஜ் மாட்டுங்கள். ரெகுலேட்டர் மேனிஃபோல்டோடு இணைந்தது என்றால், 3 பார் அடிப்படைக்கு மேல் 1.2 பூஸ்ட் சேர்ந்து 4.2 பார் கடைசிவரை நிற்க வேண்டும். 6000-த்தில் 3.7-க்கு இறங்கினால் சென்சார் கடைக்காரரை மறந்துவிட்டு டேங்குக்குள் கையை விடுங்கள்.

அடுத்து லீக். டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் ஓட்டை இருந்தால், அதே 1.2 பார் பூஸ்ட்டுக்கு டர்போ கூடுதல் காற்றை இழுக்கும். அந்தக் காற்றும் சென்சார் வழியாகத்தான் வருகிறது, அதனால் சீக்கிரமே முட்டும். போர்வெல் சாமான் கடையில் பிவிசி எண்ட் கேப் ஒன்று வாங்கி, நடுவில் துளை போட்டு ட்யூப்லெஸ் டயர் வால்வைச் செருகுங்கள். சென்சாரைக் கழற்றி அந்தக் குழாய் வாயில் கேப்பை வைத்து கிளாம்ப் போடுங்கள். கிராங்க்கேஸ் பிரீதர் குழாயைக் கழற்றி அந்த வாயையும் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் காற்று இன்ஜினுக்குள் போய் ஆயில் சீலை நோகடிக்கும். கம்ப்ரஸரில் அரை பாருக்கு மேல் போகாதீர்கள். சோப்புத் தண்ணீர் அடித்தால் எங்கே நுரைக்கிறதோ அங்கேதான் சமாச்சாரம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் முட்டினால் பெரிய கூடு போடலாம். ஆனால் "ரீமேப் வேண்டாம்" என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள். உள்விட்டத்தை வெர்னியர் வைத்து அளந்து, இரண்டையும் வர்க்கம் பண்ணி வகுக்க வேண்டும். உதாரணத்துக்குப் பழையது 70, புதியது 82 என்றால் பரப்பு 1.37 மடங்கு. 100 கிராம் போனால் 73 என்றுதான் ஈசியூ எண்ணும். மரக்காலைப் பெரிதாக்கிவிட்டுக் கணக்குப்பிள்ளையிடம் சொல்லாமல் நெல் அளந்த கதைதான்.

பெட்ரோல் குறைவது மட்டுமில்லை, லோடு குறைவு என்று நினைத்து இக்னிஷனையும் முன்னால் தள்ளும். லீனும் (பெட்ரோல் குறைந்த கலவை) அட்வான்ஸும் (முன்தள்ளிய இக்னிஷன்) 1.2 பாரில் சேர்ந்தால் பிஸ்டன் ரிங் வரப்பு உடையும். பெரிய இன்ஜெக்டரையும் பெரிய கூட்டையும் ஒரே விகிதத்தில் போட்டு ரீமேப்பைத் தவிர்ப்பது பழைய குறுக்குவழி. அதிலும் பெட்ரோல் சரியாக வரும், டைமிங் பொய்யாகவே இருக்கும். உங்கள் மேப்பில் இன்ஜெக்டர் கணக்கு ஏற்கெனவே சரி செய்தாகிவிட்டது, அதனால் உங்களுக்கு அந்த வழியும் கிடையாது.

இந்த மோட்ரானிக் ஈசியூவில் வோல்ட்டைக் காற்றாக மாற்றும் அட்டவணை 512 புள்ளிகள் கொண்டது. ட்யூனர் எல்லாவற்றையும் அந்த 1.37-ஆல் பெருக்கிவிட்டு, ஐடிலில் ஃப்யூயல் ட்ரிம் (ஈசியூ தானாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு), மேலே வைட்பேண்ட் பார்த்துத் திருத்துவார். அதற்கு, வண்டியை உருளைமேல் நிறுத்தி ஓட்டி அளக்கும் டைனோவுக்குப் போங்கள். பைபாஸில் லாக் எடுக்காதீர்கள். அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல் காய்கிறது, மீதியில் வைக்கோல் வண்டி வருகிறது.

இடம்: டர்போவுக்கு முன்னால்தான். பின்னால் வைத்தால் டர்போ விடும் ஆயில் ஆவி சென்சார் படலத்தில் ஒட்டும். வால்வு வெளியே ஊத வேண்டாம். அளந்த காற்றை வெளியே விட்டால், அதற்கான பெட்ரோல் மட்டும் உள்ளே போய் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வண்டி விக்கும். சத்தத்துக்கு ஆசைப்பட்டு நேரத்தை விடுவானேன்?

திருவாரூர்த் தம்பி சொன்னதும் நல்ல வழிதான், 350 குதிரைக்குப் போகிறவருக்கு. ஆனால் அதற்கு ஒவ்வொரு ஆர்பிஎம்முக்கும் வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி (சிலிண்டர் எவ்வளவு நிரம்புகிறது என்ற) அட்டவணை புதிதாகக் கட்ட வேண்டும். கேம், எக்ஸாஸ்ட் மாற்றினால் மறுபடியும் உட்கார வேண்டும். 265-க்கு அது தேவையில்லை என்பது என் கட்சி.

திருவாரூர் 402

சரிண்ணே, செலவுக் கணக்கில் நீங்கள் ஜெயித்தீர்கள். சத்தத்தில் நான்தான்.

மன்னார்குடி ஆக்டேவியா

ரொம்ப நன்றி அண்ணே. கேஜ் மாட்டினேன், 4.2 ஆடாமல் நிற்கிறது. எண்ட் கேப் வேலை செய்தது: பூஸ்ட் குழாயிலிருந்து டைவர்ட்டர் வால்வுக்கு (பூஸ்ட் காற்றை உள்ளேயே திருப்பிவிடும் வால்வு) போகும் ரப்பர் குழாயில் நுரை பொங்கியது, குழாயில் வெடிப்பு. மாற்றிய பிறகு முட்டும் இடம் 5200-லிருந்து 5700-க்குப் போயிருக்கிறது, ஆனாலும் முட்டுகிறது. அதனால் கூடு மாற்றப் போகிறேன், கோயம்புத்தூர் டைனோவில் நேரம் கேட்டிருக்கிறேன். ஃபில்டர் எண்ணெய் போடும் காட்டன் வகை, இருக்கட்டுமா? குழாய் எவ்வளவு நேராக இருக்க வேண்டும்?

கும்பகோணம் பம்ப் கடை

எண்ணெய் ஃபில்டரை எடுத்துவிடுங்கள். நம் ஊர் வைக்கோல் தூசியும் அந்த எண்ணெயும் சேர்ந்து சென்சாரில் பிசினாகப் படியும், அளவு மெல்லக் குறைந்துகொண்டே போகும். காய்ந்த பேப்பர் ஃபில்டர் போதும். சுத்தம் செய்ய மாஃப் கிளீனர் மட்டும். கார்புரேட்டர் ஸ்பிரே, துணி, கம்ப்ரஸர் காற்று மூன்றும் ஆகாது. சென்சாருக்கு முன்னால் இடம் கிடைக்கிற அளவு நேர்க்குழாய் விடுங்கள், வளைவு முடிந்த உடனே வைக்காதீர்கள். கூட்டுக்குள் வலை இருந்தால் அதைப் பிடுங்காதீர்கள், காற்றைச் சீராக்குவதே அதுதான். டைனோவுக்குக் கிளம்பும்போது பழைய கூட்டையும் பழைய மேப்பையும் டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.