கேட்வே – காந்தேரி – மாண்ட்வா: பாய்ப்படகில் இரண்டு நாள், தேதி எப்படிப் பார்ப்பது?

செம்பூர்வாசி:
வணக்கம். ஜனவரியில் ஒரு சனி, ஞாயிறு. செம்பூர், மாட்டுங்கா, வாஷி என்று ஆறு பேர். 30 அடி யாட் ஒன்றை ஸ்கிப்பரோடு வாடகைக்குப் பேசிக்கொண்டிருக்கிறோம். மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து தெற்கே காந்தேரி தீவுக் கோட்டை வரை போய், துறைமுகத்தின் எதிர்க்கரையில் உள்ள மாண்ட்வாவில் இரவு நங்கூரம் போட்டு, மறுநாள் திரும்ப வேண்டும். ஆறு பேரில் இரண்டு பேருக்கு டிங்கி என்ற சின்னப் பாய்ப்படகில் பாய் பிடித்த பழக்கம் உண்டு. மற்றவர்கள் வெறும் பயணிகள். பொங்கல் வாரமா, அதற்கு அடுத்ததா? ஸ்கிப்பரிடம் என்னென்ன கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்?

கொலாபா காத்து:
பொங்கலை விடுங்க, நாள்காட்டியில் திதியைப் பாருங்க. மும்பை துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் (கடல்நீர் உயர்வது) உச்சத்துக்கு வருவது நண்பகல் 12, 1 மணி வாக்கில். வற்றம் காலை 6, 7க்கும் மாலை 6, 7க்கும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நீர்மட்ட வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டும். காலையில் கிளம்பினால் உள்ளே ஏறும் நீர் எதிரே வரும், மதியம் திரும்பினால் வெளியே வடியும் நீர் எதிரே வரும். போகவும் இடி, வரவும் இடி.

கணக்கு எளிது. எஞ்சினில் 5 நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) போகிற படகுக்கு எதிரே இரண்டரை நாட் நீரோட்டம் வந்தால் தரைக்கணக்கில் இரண்டரைதான் மிச்சம். மாண்ட்வாவிலிருந்து கேட்வே சுமார் 8 கடல் மைல். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். 4 மணிக்குக் கிளம்பினவங்க இருட்டில்தான் வந்து சேருவாங்க.

அஷ்டமி, நவமி வாக்கில் எல்லாம் தலைகீழ். விடிகாலை 6 மணியளவில் ஏற்றம் முடிந்து, நண்பகல் வரை நீர் வெளியே வடியும். அதோடு போகலாம். மதியத்துக்கு மேல் நீர் உள்ளே திரும்பும். அதோடு வரலாம். ஓட்டமும் பாதிக்குப் பாதி குறைவு. அஷ்டமி நவமியில் எதையும் தொடங்காதே என்று வீட்டில் சொல்வாங்க. இந்தத் துறைமுகத்தில் படகுக்கு நல்ல நாள் அதுதான். சரியான மணிக்கு அப்போலோ பந்தர் டைடு டேபிளைப் பாருங்க, திதி தோராயம்தான்.

காற்று: ஜனவரி காலையில் வடகிழக்கிலிருந்து மெல்லிய கரைக்காற்று. 11 மணிக்குள் செத்துவிடும். ஒரு மணிக்கு மேல் வடமேற்கிலிருந்து கடல்காற்று, 10 முதல் 15 நாட். பொழுது சாய்ந்தால் அதுவும் அடங்கும். அதனால் காலை 7 மணிக்குக் கிளம்பி, பிராங்ஸ் ரீஃப் கலங்கரை விளக்கத்தை வலப்பக்கம் நன்றாகத் தள்ளிவிட்டு, நேரே தெற்கே காந்தேரி. 13 கடல் மைல் வரும். மதியம் அங்கிருந்து மாண்ட்வாவுக்கு வடகிழக்காக ஏறும்போது கடல்காற்று படகின் பக்கவாட்டில் விழும். பாய் ஓட்டுவதற்கு இந்தப் பயணத்தில் அதுதான் ருசியான ஏழு மைல், டிங்கி பழக்கமுள்ள இருவரிடம் சுக்கானை அப்போது கொடுங்க. 15 நாட்டைத் தாண்டும்போலத் தெரிந்தால் முன்கூட்டியே பெரிய பாயில் ஒரு மடிப்பு குறைக்கச் சொல்லுங்க.

காந்தேரிக்கும் பக்கத்துத் தீவான உந்தேரிக்கும் நடுவே குறுக்குவழி தேடாதீங்க, பாறை. 1679இல் சிவாஜி கட்டத் தொடங்கிய கோட்டை காந்தேரி. 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் நம்ம செஞ்சியோடு சேர்ந்து இடம் பிடித்தது. இறங்க முடியாவிட்டாலும் சுற்றிப் பார்க்கத் தகும்.

பில்ஜ் பம்ப்:
தேதி சரி. இங்கே பிசகுவது பெரும்பாலும் நங்கூரம், வலைக் கயிறு, எஞ்சின் தண்ணீர் மூன்றிலும்தான்.

நங்கூரம்: மாலை வற்றத்தில் ஆழமானி 3 மீட்டர் காட்டுது என்று 15 மீட்டர் சங்கிலி விட்டால், நள்ளிரவில் ஏற்றம் 4.5 மீட்டர் கூடி ஆழம் ஏழரை ஆகிவிடும். முன்முனையின் உயரம் ஒரு மீட்டரையும் சேர்த்தால் எட்டரை. 15 மீட்டர் சங்கிலி அதற்கு இரண்டு மடங்குகூட இல்லை, நங்கூரம் நிமிர்ந்து சேற்றில் இழுபடும். அந்த எட்டரைக்கு ஐந்து மடங்கு, அதாவது சுமார் 42 மீட்டர் வேண்டும். சங்கிலியோடு கயிறும் சேர்ந்திருந்தால் ஏழு மடங்கு. அஷ்டமியில் வித்தியாசம் குறைவு என்பதால் கொஞ்சம் தப்பலாம். ஏற்றத்தில் போடுகிறவர்களுக்கு எதிர்ப்பிரச்சினை: விடிந்து பார்த்தால் கீல் (படகின் அடியில் நீளும் துடுப்பு போன்ற பகுதி) சேற்றில் உட்கார்ந்திருக்கும். ஆழமானி காட்டுவது நீர்மட்டத்திலிருந்தா, கீலுக்கு அடியிலிருந்தா என்று ஸ்கிப்பரிடம் முதலிலேயே கேளுங்க. ஒன்றரை மீட்டர் வித்தியாசம் அதில் ஒளிந்திருக்கும்.

வலை: உள்ளூர் கோலி சமூக மீனவர்களின் டோல் வலைகள் (பை போன்றவை) நீரோட்டத்துக்கு எதிராகக் கட்டி வைத்தவை. ஓட்டம் வேகமாக இருந்தால் மிதவை தண்ணீருக்கடியில் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. எஞ்சின் ஓடும்போது ஒருத்தர் முன்முனையில் நின்று பார்க்கணும். கயிறு புரொப்பெல்லரில் சுற்றினால் உடனே நியூட்ரல், எஞ்சின் ஆஃப். ரிவர்ஸ் போட்டு அவிழ்க்கப் பார்த்தால் இன்னும் இறுகி, எஞ்சினையும் புரொப்பெல்லர் தண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் கப்ளிங்கையே கழற்றிவிடும். ஆழம் ஒத்துவந்தால் நங்கூரம் போடுங்க. முதலில் போட் ஹுக்கால் (நீளக் கொக்கிக் கழி) முயற்சி. தண்ணீரில் இறங்குவதானால் ஓட்டம் நின்ற நேரத்தில் மட்டும், இடுப்பில் கயிறு கட்டி, சாவியைக் கையில் எடுத்துவிட்டு.

எஞ்சின்: ஸ்டார்ட் செய்ததும் பின்னால் புகைக்குழாயில் தண்ணீர் துப்புகிறதா பாருங்க. இந்தத் துறைமுகத்தில் பிளாஸ்டிக் பை வந்து உறிஞ்சும் வாயை அடைப்பது சகஜம். தண்ணீர் வராமல் ஓடினால் அதை இழுக்கும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கருகிப் பிய்ந்துவிடும். எஞ்சினை நிறுத்தி, கடல்நீர் உள்ளே வரும் வால்வான சீகாக்கை மூடி, வடிகட்டியான ஸ்ட்ரெய்னரைத் திறந்து சுத்தம் பண்ணணும். உபரி இம்பெல்லரும் பெல்ட்டும் இல்லாத படகை வாடகைக்கு எடுக்காதீங்க.

செம்பூர்வாசி:
மிக்க நன்றி இருவருக்கும். இன்னும் இரண்டு: ஆறு பேரும் படகிலேயே படுக்கலாமா? எங்களில் ஒருத்தருக்கு பஸ்ஸிலேயே குமட்டும்.

பாய்மரம்:
30 அடியில் நான்கு பேர் நன்றாகத் தூங்கலாம். ஆறு பேரோடு ஸ்கிப்பர் என்றால் கோழிக்கூண்டுதான். மூன்று பேரை மாண்ட்வா பக்கம் அறை எடுத்துப் படுக்கச் சொல்லுங்க. இரவு அங்கே நிறுத்த அனுமதி யார் வாங்குகிறார்கள் என்பதை இப்போதே ஸ்கிப்பரிடம் எழுத்தில் வாங்குங்க. எல்லாரும் அசல் அடையாள அட்டை வைத்திருக்கணும். குடியரசு தின வாரத்தில் கேட்வே பக்கம் கெடுபிடி கூடுதல்.

குமட்டலுக்கு அவோமின் மாத்திரை பலருக்கும் கேட்கும், ஆனால் டாக்டரிடம் கேட்டு முந்தின இரவே போடணும். வாந்தி வந்தபிறகு போட்டால் வயிற்றில் தங்காது. தூக்கம் வரும், அதனால் பியரோடு சேரவே கூடாது. குமட்டுகிறவரை கீழே கேபினில் படுக்க வைக்காமல் சுக்கான் பிடிக்கச் சொல்லி அடிவானத்தைப் பார்க்க வைத்தால் பாதி சரியாகும். வாந்தி எடுப்பது காற்று போகிற பக்கமாக, உட்கார்ந்தபடி, ஒருத்தர் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொள்ள.

குடிநீருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர், ஆறு பேருக்கு இரண்டு நாளில் 36. இரண்டு 20 லிட்டர் கேன் போதும், ஸ்கிப்பருக்கென்று தனியாக 6 லிட்டர். புளியோதரை, சப்பாத்தி தாங்கும், தேங்காய்ச் சட்னி வேண்டாம். கேஸ் அடுப்பு பயன்படுத்தினால் பர்னரை மூடுவது போதாது, சிலிண்டர் வால்வையும் மூடணும். எல்பிஜி காற்றைவிடக் கனம், பில்ஜில் (படகின் அடிப்பள்ளம்) இறங்கித் தேங்கி, அடுத்த முறை எஞ்சின் ஸ்டார்ட்டரில் பொறி பறந்தால் பற்றிக்கொள்ளும்.

லைஃப் ஜாக்கெட் ஏழும் கரையிலேயே போட்டுப் பார்த்து, கால் இடுக்கில் வரும் வாரோடு சரிசெய்துகொள்ளுங்க. 2024 டிசம்பர் 18 எலிபெண்டா படகு விபத்துக்குப் பிறகு இதைச் சொல்லத் தேவையில்லை. கடலோரக் காவல் படை எண் 1554, படகு ரேடியோவில் விஎச்எஃப் சேனல் 16.

கொலாபா காத்து:
ஞாயிறு திரும்புவதைப் பற்றி ஒன்று. மதிய நீரோட்டம் சாதகம் என்றேன், ஆனால் கடல்காற்று நேர் மூக்கில் வரும். பாயில் வளைந்து வளைந்து வந்தால் 8 மைல் 12 ஆகும். எஞ்சினில் வருவதென்றால் மதியம் கிளம்புங்க. பாயில்தான் வரணும் என்றால் விடிந்ததும் கரைக்காற்றில் கிளம்புங்க. அஷ்டமி வாக்கில் எதிரோட்டம் ஒரு நாட்தான், தாங்கலாம். கப்பல் போகும் பாதையைச் செங்குத்தாகக் கடங்க. 12 நாட்டில் வரும் கப்பல் ஒரு கடல் மைலை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும், பாய்ப்படகு என்று அந்தக் கால்வாயில் உங்களுக்கு வழிவிட மாட்டான்.