கலைச்சொல்: ஓட்டுக்குள் இறுகிய கல்லுக்கு ‘உட்கல்’

நண்பர்களே,

சிப்பி ஓட்டுக்குள் சேறு புகுந்து இறுகிய கல்லை ஆங்கிலத்தில் internal mould என்கிறார்கள். அதற்குத் தமிழில் ஐயா ஒருவர் இங்கே முன்வைத்த ‘உள் அச்சு’ எனக்கு ஒப்பவில்லை. அச்சு வெல்லத்தில் அச்சு என்பது பலகையில் இருக்கும் குழி. பாகு இறுகிக் கைக்கு வருவது வெல்லம். நம் புதைபடிவத்தில் சிப்பி ஓடுதான் அச்சு. உள்ளே சேறு புகுந்து கல்லாகிறது, ஓடு கரைந்துபோகிறது, அந்தக் கல் மிஞ்சுகிறது. அதையே அச்சு என்றால் படிப்பவர் குழம்புவார். ‘உள்வார்ப்பு’ம் வேண்டாம். ஓடு கரைந்த வெற்றிடத்தில் வேறு கனிமம் நிரம்பி ஓட்டின் வடிவையே எடுக்கிறதே, அதற்கு ‘வார்ப்பு’ வேண்டும்.

உட்கல் என்போம். சுற்றிலும் உள்ள பாறையில் ஓட்டின் வெளிப்புறம் பதிந்த குழிவுக்குப் புறத்தடம்.

பெங்களூரில் நம் காலடியில் இருப்பது நைஸ், அதாவது கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை. லால்பாக் குன்று ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழையது, அதில் சிப்பிக்கு இடமே இல்லை. அதனால் இங்குள்ளவர்கள் சேர்ப்பதெல்லாம் பெரும்பாலும் அரியலூர், காரைப் பக்கத்துக் கிரீத்தேசியக் கால (டைனோசர் யுகத்தின் கடைசிப் பகுதி) படிவுகளில் எடுத்தவை. போன சந்திப்புக்கு வந்த ஒரு மாதிரியில் ‘வழவழப்பான சிப்பி, புது இனமா?’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. கையில் வாங்கித் திருப்பினால் இரு ஓரங்களிலும் சின்ன மேடு. ஓடுகளை இறுக்கி மூடும் தசை ஒட்டியிருந்த இடம் அது. ஓட்டில் பள்ளமாக இருந்தது கல்லில் மேடாக வந்திருக்கிறது. ஆக, அது ஓடு அல்ல, உட்கல். அந்த வழவழப்பு ஓட்டின் உட்புறத்துடையது. வெளியே எத்தனை வரிகள் ஓடின என்று அது சொல்லாது. 1870-71இல் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிச்கா வெளியிட்ட இப்பகுதிச் சிப்பிப் படங்களோடு வரிகளை ஒப்பிடவும் வழியில்லை. பல நேரம் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

அதே பெட்டியில் கிடந்த கிரைஃபியா என்ற ஆளியில் (oyster) ஓடு அடுக்கடுக்காக அப்படியே இருந்தது. ஆளி வகைகளின் ஓடு பெரும்பாலும் கால்சைட் என்ற கனிமம், எளிதில் கரையாது. டிரைகோனியா போன்ற வேறு சிப்பிகளின் ஓடு அரகோனைட் என்ற கனிமம், முதலில் கரைந்துபோவது அதுதான். ஒரே வயலில் ஒன்று ஓடாகவும் மற்றொன்று உட்கல்லாகவும் கிடைப்பது இதனால்தான்.

அப்புறம், உட்கல்லை எடுத்துக்கொண்டு சுற்றியிருந்த பாறைத் துண்டை வீசிவிடாதீர்கள், தயவுசெய்து! வரிகள் அதில்தான் இருக்கின்றன. புறத்தடத்தில் மாடலிங் களிமண்ணை அழுத்தி எடுத்தால் ஓட்டின் வெளிமுகம் கிடைத்துவிடும். இரண்டுக்கும் ஒரே எண் போட்டு, அளவுகோலோடு படம் எடுத்து வையுங்கள். சீட்டில் இடம், அடுக்கு, தேதி ஆகியவற்றோடு ‘ஓடு, உட்கல், புறத்தடம், வார்ப்பு’ இவற்றில் எது என்றும் எழுதிவிடலாம். பன்மை: உட்கற்கள்.