துணைநூற்பட்டியலை போனிலேயே சமாளிப்பவர்கள் உண்டா?

மடிக்கணினி வாங்க வசதிப்படாமல் ஆய்வு வேலையில் பாதியை போனிலேயே ஓட்டுகிறவர்கள் என்னைப் போல் நிறையப் பேர் இருப்பீர்கள். துணைநூற்பட்டியலுக்கு என்ன செய்கிறீர்கள்? முதலில் என் பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

முன்பு ஒரு செயலியில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தேன். 2021-இல் அதன் கைப்பேசிப் பதிப்பையே நிறுத்திவிட்டார்கள். நல்லவேளை, வேறு செயலிகளும் படிக்கக்கூடிய ஆர்.ஐ.எஸ். கோப்பாக எல்லாவற்றையும் வெளியே எடுக்க முடிந்தது. இப்போது ஜோட்டெரோ என்ற துணைநூற்பட்டியல் செயலி. ஐபோனுக்கு 2022-லேயே வந்துவிட்டது, ஆண்ட்ராய்டுக்காரர்கள்தான் கூடுதலாகக் காத்திருந்தோம். இலவசக் கணக்கில் 300 எம்.பி. இடம் தருகிறார்கள். நூல் விவரங்கள் அந்தக் கணக்கில் சேராது, கோப்புகள்தான் சேரும். ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.களை ஏற்றினால் சீக்கிரமே நிரம்பிவிடும். நான் கோப்பை கூகுள் டிரைவில் போட்டுவிட்டு இணைப்பை மட்டும் சேர்க்கிறேன்.

ஆங்கிலக் கட்டுரை என்றால் கவலையே இல்லை. பிரவுசரில் 'பகிர்' அழுத்தி ஜோட்டெரோவைத் தொட்டால் ஆசிரியர், இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். தமிழ்ப் புத்தகத்தில்தான் வேலை வாங்கும். பின்னட்டையில் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும் ஐ.எஸ்.பி.என். என்ற நூல் அடையாள எண்ணைக் கொடுத்தால், பல நேரம் ஒன்றும் வராது. வந்தாலும் வெளிநாட்டு நூலகப் பட்டியலிலிருந்து, எழுத்துக்கு மேலே கோடும் கீழே புள்ளியுமாக ரோமன் எழுத்தில் வரும். நெறியாளரிடம் அதைக் காட்ட முடியுமா? மறுபடி தமிழில் அடிக்க வேண்டியதுதான்.

பெயர் இன்னொரு தலைவலி. 'உ.வே. சாமிநாதையர்' என்று ஒரே கட்டத்தில் அடித்தால் பட்டியலில் 'உ'வில் போய் நிற்கும். குடும்பப் பெயர் கட்டத்தில் 'சாமிநாதையர்', அடுத்த கட்டத்தில் 'உ.வே.' என்று பிரித்துப் போட்டால் 'ச' வரிசைக்கு வரும். 1894-இல் வந்த புறநானூற்றுப் பதிப்புக்கு அவரை ஆசிரியர் என்று விட்டுவிடக் கூடாது, பதிப்பாசிரியர் என்று மாற்ற வேண்டும். சின்னத் திரையில் அந்தத் தேர்வு கண்ணில் படாது, பெயருக்குப் பக்கத்தில் 'ஆசிரியர்' என்றிருப்பதைத் தொட்டால்தான் திறக்கும்.

பழைய நூல்களுக்கு நான் நம்புவது கேமராவைத்தான். அனுமதி உள்ள நூலகங்களில் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் படமெடுத்து, அந்தப் பதிவுக்குள்ளேயே இணைத்துவிடுவேன். சில நூல்களில் பதிப்பகம் என்று ஒன்றும் இருக்காது, அச்சுக்கூடத்தின் பெயர்தான் இருக்கும். ஆண்டும் சில சமயம் 'ஜய வருஷம்' என்று மட்டும்தான். அறுபது வருடச் சுற்று ஆயிற்றே, 1894-95-ஆகவும் இருக்கலாம், 1954-55-ஆகவும் இருக்கலாம். முகவுரை, தாள், அச்சு இதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதை ஊருக்குப் போய் உட்கார்ந்து யோசிக்கப் படம் கையில் இருக்க வேண்டுமே! அனுமதி இல்லாத இடத்தில் குரல்வழித் தட்டச்சு உதவும், ஆனால் வாசிப்பு மண்டபத்தில் பேசினால் நூலகர் முறைப்பார்.

சரி, உங்கள் அனுபவம்?

மறுமொழி 1

நான் யாழ்ப்பாணம். ஈழத்து நூல்கள், இதழ்களை ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கிற நூலகம் திட்டத் தளத்திலிருந்துதான் அதிகம் எடுக்கிறேன். அங்கே ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் இருக்கு. தலைப்பை விட அந்த எண்ணை 'கூடுதல்' கட்டத்தில் குறித்து வைப்பது நல்லம், ஒரே தலைப்பில் பல இதழ்கள் இருக்கிறபடியால். எங்கட புத்தகங்களில் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். அதைக் கொடுத்துத் தேடினாலும் உங்கட கதைதான்.

மறுமொழி 2

தோழர், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கான சோத்கங்கா தளத்திலிருந்து சேர்க்கும்போது கவனம். ஒரு ஆய்வேட்டைத் தலைப்பு, சான்றிதழ், இயல் என்று துண்டு துண்டாக வைத்திருப்பார்கள். பி.டி.எஃப்.ஐ மட்டும் பகிர்ந்தால் 'மூன்றாம் இயல்' என்ற பெயரில் அநாதையாக ஒரு கோப்பு வந்து நிற்கும். ஆய்வேட்டின் பக்கத்தை முதலில் சேர்த்துவிட்டு அதன் கீழ் கோப்பை இணையுங்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சான ஆய்வேடு என்றால் நகலெடுத்து ஒட்டும்போது குப்பை எழுத்தாகத்தான் வரும், கையால் அடிப்பதே வேகம்.

மறுமொழி 3

நான் நர்சிங். மருத்துவக் கட்டுரைகளுக்கான பப்மெட் தளத்தின் எண்ணை மட்டும் கொடுத்தால் முழு விவரமும் வந்துவிடுகிறது, தமிழ்த்துறைக்காரர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஒரு சந்தேகம். அடிக்குறிப்பைக் கட்டுரைக்குள் போடுவது போனில் முடியுமா?

முதலில் எழுதியவர்

அது மட்டும் முடியாதுங்க. வேர்டுக்கான இணைப்பு கணினியில்தான் வேலை செய்யும். நான் ஒவ்வொரு இயல் முடிந்ததும் பிரௌசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து மொத்தமாகப் போட்டுவிடுகிறேன். வரைவில் அடைப்புக்குறிக்குள் பெயர், ஆண்டு, பக்கம் எழுதி வைத்தால் அங்கே போய்த் தேட வேண்டியதில்லை. கிளம்பும்போது கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு வாருங்கள்.